சமீபத்தில் பார்த்த படங்கள்: எந்த நீளம் தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை?

நடுவரிசை எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

திரையரங்கில் பார்க்கத் தவறிய படங்களைச் சில வாரங்களாக வீட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். குடும்பக் கதை, பழிவாங்கும் கதை, திகில், விளையாட்டு என்று வகை பிரிக்காமல் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பார்த்ததால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத படங்களையும் மனம் தானாக அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அப்படிப் பார்க்கும்போதெல்லாம் நீளம் பற்றிய கேள்விதான் முதலில் எழுகிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானபோது 177 நிமிடங்கள் ஓடியது. படம் நீளமாக இருக்கிறது என்ற பேச்சு எழுந்ததும், வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். நான் பார்த்தது குறைக்கப்பட்ட வடிவம். திருமண மண்டபம் வரும் முதல் பாதி என்னை முழுமையாக ஆட்கொண்டது. மணமேடையில் தங்கை நகைப்பெட்டியைத் திறந்து அங்கேயே அணிந்துகொள்ளும் காட்சியில் அரவிந்த்சாமியின் முகத்தைத் தவிர வேறெதையும் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் இரண்டாம் பாதியின் இரவுப் பேச்சில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தேன். எதை நீக்கியிருக்கலாம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதும் உண்மை.

நிதிலன் சாமிநாதனின் 'மகாராஜா' இதற்கு நேரெதிர். ஒரு நிமிடம்கூடச் சலிப்புத் தட்டவில்லை. காணாமல் போன 'லட்சுமி'யைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ஒருவர் காவல் நிலையத்துக்கு வருவதும், அந்த லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி என்று தெரியவரும்போது காவலர்கள் அடையும் எரிச்சலும் மிக நேர்த்தியான தொடக்கம். இருந்தும், மறுநாள் அந்தப் படத்தை மீண்டும் நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பம் எழவில்லை.

மூன்றாவது, பேய் பிடித்ததாகக் கருதும் ஒரு பெண்ணை உறவினர்கள் சாமியாரிடம் அழைத்துச் செல்லும் பயணமாக அமைந்த, பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. நூறு நிமிட அளவுக்கே ஓடும் படம்தான், நான் பார்த்தவற்றுள் மிக நீளமாகத் தோன்றியது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவும் இருசக்கர வாகனங்களும் செல்லும் ஓசை, சேவலின் குரல், உறவினர்களின் சச்சரவு ஆகியவை மட்டுமே. ஆனால் அந்தப் பயணத்தின் ஒவ்வொரு நிறுத்தமும் எனக்கு இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் எந்தப் படத்துக்கும் கத்தரி தேவை என்பது என் அலுவலக நண்பர் ஒருவரின் முடிவான கருத்து. நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் அவருக்கு மறுப்பாகச் சொல்லத் தெளிவான காரணம் என்னிடம் இல்லை. நீங்கள் அண்மையில் பார்த்த படங்களில் எந்த இடத்தின் நிதானம் தேவையானது என்று தோன்றியது, எந்த இடம் வீணாக இழுக்கப்பட்டது? எந்த மொழிப் படமாக இருந்தாலும் எழுதுங்கள். முடிவுகளைப் போட்டு உடைக்காமல் எழுதினால் நன்று.


காவிரிக்கரை எழுதியது:

நடுவரிசை அவர்களுக்கு வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் 'மெய்யழகன்' பற்றி நடுநிலையோடு பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆயினும் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்த அந்த இரண்டாம் பாதிக்காக வாதிட எனக்கு ஊர்ப்பாசம் தேவைப்படவில்லை.

கதையின் முடிச்சு எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். 1996இல் சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்து ஊரை விட்டுப் போன ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு நீடாமங்கலத்தில் நடக்கும் ஒரு திருமணத்துக்கு வருகிறார். 'அத்தான்' என்று அழைத்துக்கொண்டு நிழல்போல் கூடவே திரியும் உறவினரின் பெயர் அவருக்கு நினைவில்லை. அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. முழுப் படமும் இந்தக் கூச்சத்தின்மீது நிற்கிறது. கூச்சம் என்பது நேரம் ஆக ஆகத்தான் கனக்கும். வந்த ஐந்தாம் நிமிடத்தில் பெயரைக் கேட்டுவிடலாம், ஒரு மணி நேரம் கழித்துக் கேட்பது கடினம், அவர் வீட்டில் உண்டு, அவர் மனைவியின் கையால் உபசரிக்கப்பட்டு, அவரருகே படுத்து, தான் விட்டுச்சென்ற பழைய மிதிவண்டி அந்தக் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பதையும் கேட்ட பிறகு பெயரைக் கேட்பது முடியவே முடியாது. விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும் அளவுக்கு ஒரு மனிதர் தள்ளப்படுவதை நாம் நம்ப வேண்டுமானால், அந்த இரவின் நீளத்தை நாமும் அவரோடு சேர்ந்து கடந்திருக்க வேண்டும்.

இதே இயக்குநரின் '96' படமும் ஓர் இரவில்தான் நடந்தது. அங்கே விடியலில் ஒரு விமானம் காத்திருந்ததால், நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்ற பதற்றம் பார்வையாளருக்கு இருந்தது. இங்கே அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. உங்களுக்கு நீளமாகத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். வரலாறு, போர், வீரம் என்று, அந்த உறவினராக வரும் கார்த்தியின் பேச்சு விரியும் சில இடங்களில் பேசுவது அந்தப் பாத்திரம்தானா, இயக்குநரா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. கத்தரி வைக்க வேண்டுமென்றால் அங்கே வைத்திருக்கலாம்.

தேவையற்றது என்று பலர் சொன்ன நீளம் பிறகு தன் கணக்கைத் தீர்த்த இடத்துக்கு 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' நல்ல சான்று. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நடந்த உண்மை நிகழ்வை வைத்துச் சிதம்பரம் இயக்கிய மலையாளப் படம். என் வீட்டில் எல்லோரும் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன்கள் குடித்துக் கூத்தடிப்பதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று சலித்துக்கொண்டார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை, பையன்களில் சிலரை முகம் பிரித்தறியவே எனக்கு நேரம் பிடித்தது. ஆனால் அந்தக் கூத்துக்கு நடுவே ஒரு கயிறு இழுக்கும் போட்டி வருகிறது. அப்போது அது வெறும் வெட்டி வீம்பாகத் தெரிந்தது. குகை வாயிலில் அதே கைகள் கயிற்றைப் பிடிக்கும்போது, இவர்களுக்கு எப்படிச் சேர்ந்து இழுக்கத் தெரியும், யார் எங்கே நிற்பார்கள் என்பதையெல்லாம் யாரும் நமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 'கண்மணி அன்போடு காதலன்' ஒலிக்கும் இடத்தைப் பற்றித் தமிழ்நாடே பேசித் தீர்த்துவிட்டது, நானும் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குகையின் பெரும்பகுதி அரங்கம் அமைத்துப் படமாக்கப்பட்டது என்பதை மட்டும் பிறகு அறிந்தபோது வியப்பாக இருந்தது. பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டியது.


கத்தரிக்கோல் எழுதியது:

என் பெயரைப் பார்த்து நான் நடுவரிசையின் அலுவலக நண்பர் கட்சி என்று முடிவு செய்துவிட வேண்டாம். படத்தொகுப்பில் ஆர்வம் உள்ளவன், அவ்வளவே.

'மகாராஜா'வை நீங்கள் ஏன் மறுநாள் நினைக்க விரும்பவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். அந்தப் படத்தில் இரண்டு வெவ்வேறு காலங்கள் ஒரே காலம்போல் நம் முன் ஓடுகின்றன. ஃபிலோமின் ராஜின் படத்தொகுப்பு மிகத் திறமையானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, இரண்டாம் முறை பார்க்கும்போது அவர் எங்கெங்கே நம் கண்ணை மறைத்திருக்கிறார் என்று தேடுவதே தனி இன்பமாக இருந்தது. ஆனால் மறைக்கப்படும் செய்தி, கதையில் உள்ள எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. விஜய் சேதுபதியின் பாத்திரத்துக்குத் தெரியும், அவர் மகளுக்குத் தெரியும். நமக்கு மட்டும் தெரியாது. மறைப்பவர் பாத்திரம் அல்லர், தொகுப்பாளர். அந்த மறைப்பின் அடியில் இருப்பது ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை. அதை ஒரு புதிரின் கடைசித் துண்டாகப் பயன்படுத்தும்போது, நாம் திகைப்பதற்காக அந்தக் குழந்தையின் வலி இரண்டு மணி நேரம் ஒளித்து வைக்கப்பட்டதாக எனக்கு ஓர் உறுத்தல். மகளாக நடித்தவர் இறுதியில் தன் எதிரில் இருப்பவனிடம் பேசும் காட்சி அந்த உறுத்தலை ஓரளவு தணிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படம் அவளை வெறும் பாதிக்கப்பட்டவளாக விட்டுவிடவில்லை.

இதற்கு மாற்றாக, அதே 2024இல் வந்த 'கிஷ்கிந்தா காண்டம்' என்ற மலையாளப் படத்தைப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். தின்ஜித் அய்யத்தான் இயக்கம். பாகுல் ரமேஷ் கதையையும் எழுதி ஒளிப்பதிவும் செய்திருக்கிறார், இரண்டையும் ஒருவரே செய்தது ஏன் பொருத்தம் என்பதைப் படத்தின் காட்டையும் வீட்டையும் பார்க்கும்போது உணர்வீர்கள். தேர்தலையொட்டி உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டிய நேரத்தில், ஓய்வுபெற்ற இராணுவத்தவர் ஒருவரின் துப்பாக்கி வீட்டில் இல்லை. அவருக்கோ நினைவு தடுமாறத் தொடங்கியிருக்கிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை காணாமல் போயிருக்கிறது. சுற்றிலும் குரங்குகள். துப்பறியும் கதைக்கு உரிய எல்லாப் பொருள்களும் இருக்கின்றன, ஆனால் துப்பறிகிறவர் யார், எதை, எத்தனையாவது முறையாகத் துப்பறிகிறார் என்பதுதான் அங்கே கேள்வி. இதற்கு மேல் சொன்னால் நடுவரிசையின் வேண்டுகோளை மீறியவன் ஆவேன்.

அந்தப் படத்தின் முதல் ஒரு மணி நேரம் மெதுவாகவே செல்கிறது. அந்த இராணுவத்தவராக வரும் விஜயராகவன் அறைக்குள் போவதும் தாள்களைப் புரட்டுவதும் எதையோ எரிப்பதும் மருமகளின் கண் வழியாக நமக்குக் காட்டப்படுகின்றன. முடிவு தெரிந்த பிறகு அந்த ஒவ்வொரு செயலுக்கும் இன்னொரு பொருள் கிடைக்கிறது. அங்கே செய்தி மறைக்கப்படுவது அந்த மனிதர்களின் வாழ்க்கை அப்படி இருப்பதால். ஆகவே உண்மை வெளிப்படும்போது திகைப்பைவிட இரக்கமே முன்னால் வருகிறது. அவர் மகனாக வரும் ஆசிப் அலி கடைசிப் பகுதியில் அதிகம் பேசாமல் நடித்திருப்பதை நான் அண்மையில் பார்த்த நடிப்புகளில் முதலிடத்தில் வைப்பேன்.


டூரிங்_டாக்கீஸ் எழுதியது:

எல்லோரும் நிதானத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதால் எதிர்த்தரப்பில் ஒருவர் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். 'கொட்டுக்காளி'யைத் திரையரங்கில் பார்த்தேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் வெறுப்போடு எழுந்து போனார்கள், அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. வண்டி போவதையும் நிற்பதையும் மீண்டும் போவதையும் காட்டிவிட்டு, இறுதியில் முடிவையும் பார்வையாளரிடமே விட்டுவிட்டால், அனுமதிச் சீட்டு வாங்கியவர் தன் பங்கைச் செய்துவிட்டார், படம் தன் பங்கைச் செய்யவில்லை என்று அவர் எண்ணுவது இயல்பு. அந்தப் படத்துக்குத் திரைப்பட விழாப் பார்வையாளர்களிடம் கிடைத்த மதிப்பை நான் மறுக்கவில்லை.

எனக்கு நிறைவாக இருந்தது, அதற்கு அடுத்த மாதம் வெளியான 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்து இயக்கிய முதல் படம். கிரிக்கெட்டில் தன்னை எதிர்த்து நிற்பவன்தான் தன் மகள் காதலிக்கும் பையன் என்று ஒருவருக்குத் தெரியவரும் எளிய முடிச்சு. யாருக்கு ஆட்டத்தில் இடம், யாருக்கு இல்லை என்பதில் சாதி எப்படி நுழைகிறது என்பதை உரையாற்றாமல் சொல்லியிருக்கிறார்கள். கணவரின் ஆட்டத்தின்மீது வெறுப்புக் கொண்ட மனைவி டிராக்டரை ஓட்டிவந்து ஆடுகளத்தையே உழுதுவிடும் காட்சிக்குத் திரையரங்கில் எழுந்த கைதட்டலை நான் எந்தக் கலைப்படத்துக்கும் கேட்டதில்லை. அந்தக் கணவராக வரும் தினேஷுக்கு விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் எனக்கும் கால் தாளம் போட்டது. நீளம் எவ்வளவு என்று பார்க்கவே தோன்றவில்லை.


பாலைநிலா எழுதியது:

டூரிங் டாக்கீஸ் அண்ணன் 'லப்பர் பந்து' பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன், 'கொட்டுக்காளி' பற்றிச் சொன்னதை ஏற்கவில்லை. வழியில் ஒரு காளை மறித்து நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வண்டியிலும் வாகனங்களிலும் வந்த அத்தனை ஆண்களும் அதனிடம் நெருங்க முடியாமல் நிற்கிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி வந்து அதை எளிதாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்தக் காத்திருப்பை இயக்குநர் அரை நிமிடத்தில் முடித்திருந்தால் அது ஒரு நகைச்சுவைத் துணுக்காக முடிந்திருக்கும். அவர்கள் நின்று நின்று பொறுமை இழப்பதை நாம் பார்த்ததால்தான், ஆட்டோவுக்குள் ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருக்கும் மீனாவைப் பேய் பிடித்தவள் என்று சாமியாரிடம் இழுத்துச் செல்லும் இதே ஆண்களின் வீரம் எவ்வளவு என்பது தெரிகிறது. கழுத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, கட்டிப்போன தொண்டையோடு பாண்டியாகச் சூரி நடித்திருப்பதில் நகைச்சுவை நடிகரின் சாயல் துளியும் இல்லை. முடிவைப் பொறுத்தவரை, பாண்டி இனி என்ன செய்வான் என்பதற்கு விடை படத்திடம் இல்லை என்பது உண்மைதான். பாண்டிக்கே அந்த நேரத்தில் விடை தெரியாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நடுவரிசை சொன்ன வகை வேறுபாட்டுக்காக இரண்டு படங்களைச் சேர்க்கிறேன். இரண்டுமே மிரட்ட வேண்டிய படங்கள்.

ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்' 2024 பிப்ரவரியில் முழுவதும் கறுப்பு வெள்ளையில் வந்த மலையாளத் திகில் படம். பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், அடிமையாக விற்கப்படுவதிலிருந்து தப்பி ஓடிவரும் ஒரு பாணன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். அங்கே மனையின் தலைவரான கொடுமோன் போற்றியும் ஒரு சமையல்காரரும் மட்டும். கதை முழுவதையும் ஏறத்தாழ இந்த மூவரே சுமக்கிறார்கள். மழை, எண்ணெய் விளக்கு, இற்றுப்போன தூண்கள், போற்றி உண்ணும் ஓசை. முதல் ஒரு மணி நேரத்தில் பேய் என்று சொல்லிக் காட்டப்படுவது மிகக் குறைவு. அந்த வீட்டைவிட்டு வெளியேற முடியாது என்பதை நாம் சிறிது சிறிதாக உணர்வதுதான் அச்சம். போற்றி பகடை ஆட அழைக்கும் காட்சியில், பணயம் வைக்க ஒன்றுமில்லாதவனிடம் அவன் வாழ்நாளையே பணயமாகக் கேட்கும்போது மம்மூட்டியின் கண்ணில் தெரியும் குறும்பு எனக்கு எந்த அலறலைவிடவும் அச்சமூட்டியது. கடைசிப் பகுதியில் மட்டும் படம் தன் பொருளைத் தானே வாய்விட்டு விளக்கத் தொடங்குகிறது. அதிகாரம் கைமாறினால் மனிதன் எப்படி மாறுவான் என்பதை அதுவரை பகடையும் விளக்குமே சொல்லிவிட்டன. எனக்குப் போதும் போதும் என்று ஆனது அங்கே மட்டும்தான்.

மற்றொன்று, தகாஷி யமசாகி இயக்கிய 'காட்சில்லா மைனஸ் ஒன்' என்ற ஜப்பானியப் படம். அரக்க விலங்குப் படங்கள் என்றாலே கட்டடம் இடிவதைப் பார்க்கும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருந்த என்னை அது உட்கார வைத்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், எதிரிக் கப்பல்மீது மோதி உயிர்விட அனுப்பப்பட்ட ஒரு விமானி, விமானத்தில் பழுது என்று பொய் சொல்லித் தப்பிக்கிறான். பிறகு தோக்கியோ இடிபாடுகளில், பெற்றவர்களை இழந்த பெண்ணோடும் யாரோ பெற்ற குழந்தையோடும் ஒரு குடும்பம்போல் வாழத் தொடங்குகிறான். கடலில் விடப்பட்ட கண்ணிவெடிகளை ஒரு மரப்படகில் போய் அகற்றுவது அவன் வேலை. விலங்கு நீண்ட நேரம் திரையில் இல்லை. அந்த இடைவெளியில் அரிசிக்கும் கூரைக்கும் அல்லாடும் அக்கம்பக்கத்தாரை நாம் அறிந்துகொள்கிறோம். ஆகவே கின்சா வீதியில் அது கால் வைக்கும்போது இடிவது யாருடைய வீடு என்று நமக்குத் தெரிகிறது. சுமார் 35 பேர் கொண்ட சிறு குழுவின் கைவண்ணத்துக்காக 2024இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. 1954இல் தொடங்கிய காட்சில்லா வரிசையில் ஆஸ்கர் பெற்ற முதல் படமும் இதுவே. ஆனால் நான் வீட்டில் பரிந்துரைப்பது அந்த மரப்படகுக் காட்சிகளுக்காக.


பனங்கூடல் எழுதியது:

நீளம் பற்றிய இந்த உரையாடலில், நீளம் போதவில்லை என்று நான் நினைத்த ஒரு படத்தைச் சொல்ல விரும்புகிறேன். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இப்போது வெளிநாட்டில் வசிக்கிறேன்.

2025 மே மாதம் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எங்கள் நகரத்தில் குடும்பத்தோடு பார்த்தோம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் ஒரு குடும்பம் படகேறி இராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் தாங்கள் யாரென்பதை மறைத்துக்கொண்டு வாழத் தொடங்கும் கதை. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இதுவே முதல் படம். எங்களைப் பற்றிய படம் என்றால் அழுகையும் குண்டு வெடிப்பும்தான் என்று பழகிவிட்ட எங்களுக்கு, எங்கள் வீட்டுச் சின்னப் பையன்களைப் போல வாயடிக்கும் அந்த இளைய மகன் பெரிய ஆறுதல். சசிகுமாரும் சிம்ரனும் கதைக்கும் விதத்தில் சில இடங்களில் எங்கள் ஊர் ஓசை நழுவிப்போனது. என் அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை, நான் கொஞ்சம் பொருட்படுத்தினேன்.

என் மனக்குறை வேறு. அந்தக் குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேரும் மிக விரைவாக நல்லவர்களாகிவிடுகிறார்கள். கதவைத் திறக்கவே தயங்குகிறவர்கள், இறந்துபோன ஒரு முதிய பெண்மணியின் இறுதிக் கடனை ஒட்டி ஒன்றுகூடும் காட்சி மிக அழகானது, நானும் கண் கலங்கினேன். ஆனால் அதன் பிறகு ஐயம், தயக்கம், பிசகு என்று எதுவும் மிஞ்சவில்லை. புதிய நாட்டில் பக்கத்து வீட்டாரோடு பழக எங்களுக்கு ஆண்டுகள் ஆயின. பழகிய பிறகும் சில கதவுகள் திறக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட படத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியாது என்பது தெரியும். இன்னும் இருபது நிமிடங்கள் எடுத்துக்கொண்டு, இவர்களை ஏற்க மறுக்கும் ஒரே ஒரு அயலவரையாவது முழு மனிதராகக் காட்டியிருந்தால், ஏற்றுக்கொண்டவர்களின் அன்புக்கு எடை கூடியிருக்கும். சிரிக்க வைக்கும் படத்திடம் இதைக் கேட்பது அளவுக்கு மீறிய ஆசை என்று என் மனைவி சொல்கிறார்.


நடுவரிசை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. காவிரிக்கரை ஐயா கூச்சத்தைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு 'மெய்யழக'னின் இரண்டாம் பாதியை மீண்டும் போட்டுப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், ஒரு முறை பார்த்தேன். பனங்கூடல் சொன்னது நான் எதிர்பாராத கோணம். கேள்வியை எழுதும்போது குறைப்பதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்கலாமா? விம் வெண்டர்ஸ் ஜப்பானில் எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தை நேற்று பார்த்து முடித்தேன். தோக்கியோவின் பொதுக் கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் ஒருவர், விடியலில் எழுகிறார், செடிகளுக்கு நீர் தெளிக்கிறார், வண்டியில் ஒலிநாடாவைப் போட்டுப் பாட்டுக் கேட்கிறார், வேலை செய்கிறார், மரங்களைப் படம் எடுக்கிறார், படித்துவிட்டு உறங்குகிறார். மறுநாளும் அதுவே. முதல் அரை மணி நேரம் கடப்பது எனக்குக் கடினமாக இருந்தது, ஆனால் தங்கை மகிழுந்தில் வந்து இறங்கும் காட்சி வரும்போது, இந்த மனிதர் எதை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார் என்பதைக் கதை சொல்லாமலேயே புரிந்துகொள்ளும் அளவுக்கு அவரோடு பழகியிருந்தேன். கோஜி யகுஷோவுக்கு 2023இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இறுதியில் வண்டி ஓட்டிக்கொண்டே அவர் முகம் மாறும் அந்த ஒரே நீண்ட காட்சிக்கே அதைக் கொடுத்திருக்கலாம். பாலைநிலா அவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்களா?


பாலைநிலா எழுதியது:

பார்த்திருக்கிறேன். யகுஷோவின் முகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் எனக்குக் குறையாகப் பட்டது நிதானம் எதன்மீது செலவிடப்பட்டது என்பது. அவர் கழுவும் கழிப்பறைகள் ஷிபுயா பகுதியில் ததாவோ ஆந்தோ, ஷிகெரு பான் போன்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. தாழிட்டால் கண்ணாடிச் சுவர் மங்கிப்போகும் கழிப்பறை ஒன்றையும் அதில் பார்த்திருப்பீர்கள். அந்தத் திட்டத்தை ஒட்டிக் குறும்படங்கள் எடுக்க அழைக்கப்பட்டுத்தான் இயக்குநர் அங்கே போனார். ஆகவே அழுக்கு எங்கும் இல்லை, நாற்றத்தை நினைவூட்டும் ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. கண்ணாடியை வைத்து விளிம்பின் அடிப்புறத்தைப் பார்த்துத் துடைக்கும் அவருடைய கவனத்தைக் காட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட படம், அந்த வேலையின் அருவருப்புக்கு ஒரு நிமிடம்கூடத் தரவில்லை.

நம் ஊரில், மனிதக் கழிவை மனிதரே அள்ளும் அவலத்தைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, தூய்மைப் பணியை ஒரு தவம்போல் காட்டும் காட்சிகளில் மனம் முழுதாக ஒன்றுவது கடினம். வேலையை ஒருவர் தாமே தேர்ந்தெடுப்பதும், பிறப்பைக் காட்டி அவர்மீது அதைச் சுமத்துவதும் வேறு வேறு என்பதால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்று நீங்கள் சொல்லலாம், அது நியாயமான மறுப்பு. இருந்தாலும் அந்த முதல் அரை மணி நேரத்தில் எனக்கு ஏற்பட்ட பொறுமையின்மை உங்களுடையதிலிருந்து வேறானது. படம் மெதுவாகப் போனதில் எனக்குக் குறையே இல்லை. அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவும் இடத்துக்குக் கேமரா எப்போது போகும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.